இரைப்பைப் பட்டையை அகற்றிய பிறகு: உடல் தேறும் வழியும் கவனிக்க வேண்டிய சிக்கல்களும்

உடல் எடையைக் குறைக்கப் பொருத்திய இரைப்பைப் பட்டையை எடுத்துவிட்டால் அன்றோடு தொல்லை தீர்ந்தது என்ற நம்பிக்கையோடுதான் பெரும்பாலானோர் அறுவை சிகிச்சைக்குச் செல்கிறார்கள். வயிற்றின் மேல் இருக்கும் தையல்கள் இரண்டு வாரத்தில் ஆறிவிடுவது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் அந்தப் பட்டையோடு வாழ்ந்து பழகிய இரைப்பையும் உணவுக்குழாயும் பழைய நிலைக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆகும். சிலருக்குப் பல மாதங்களும் ஆகும். முதல் பத்து நாள்களில் அஞ்ச வேண்டியவை வேறு, மூன்றாவது மாதத்தில் கவனிக்க வேண்டியவை வேறு. இரண்டையும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவர் தேவையில்லாமல் கலங்கவும் மாட்டார், ஆபத்தான அறிகுறியைச் சாதாரணம் என்று விட்டுவிடவும் மாட்டார். உங்கள் அறுவை மருத்துவர் சொன்னது இங்கே எழுதியிருப்பதிலிருந்து மாறுபட்டால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்; உங்கள் வயிற்றுக்குள் இருந்த நிலைமையைக் கண்ணால் பார்த்தவர் அவர்தான்.

ஏன் எடுத்தார்கள் என்பதில் தொடங்குங்கள்

பட்டை என்பது இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி இடுப்புக் கச்சைபோல் மாட்டப்படும் சிலிக்கோன் வளையம். அதன் உட்புறத்தில் உப்புக்கரைசல் நிரப்பப்படும் சிறிய பை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுச் சுவரைக் கடந்து வந்து, தோலுக்கு அடியில், தசையின் மேல் தைக்கப்பட்டிருக்கும், ஊசி வழியே கரைசலை ஏற்றவும் இறக்கவும் உதவும் போர்ட் என்ற சிறு கருவியில் முடிகிறது. அமெரிக்காவில் 2001-இல் ஒப்புதல் பெற்ற இந்தச் சிகிச்சை பல ஆண்டுகள் பரவலாகச் செய்யப்பட்டது. பின்னர் ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய்போல் குறுக்குவது), பைபாஸ் (இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைப்பது) ஆகிய அறுவை முறைகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இன்று பட்டையைப் பொருத்திக்கொள்பவர்கள் குறைவு; முன்பு பொருத்தியதை எடுத்துவிட வருபவர்களே அதிகம்.

எடை எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் எடுத்திருந்தால் தேறுவது பெரும்பாலும் எளிது. பட்டை வழுக்கி இரைப்பையின் ஒரு பகுதி அதற்கு மேலே பிதுங்கியதால் எடுத்திருந்தால், அறுவைக்கு முன்பே நாள்கணக்காக வாந்தி எடுத்து உடலில் நீரும் சத்தும் வற்றியிருக்கும். அந்த இழப்பை ஈடுகட்டிய பிறகே உடல் தேறத் தொடங்கும். பட்டைக்கு மேலிருந்த இரைப்பைப் பகுதியும் உணவுக்குழாயும் விரிந்துபோனதால் எடுத்திருந்தால், விழுங்குவது சீராகக் காலம் பிடிக்கும். எல்லாவற்றிலும் கடினமானது, பட்டை இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்ட நிலை. அப்போது பட்டை இருந்த இடத்தில் ஒரு துளை மிஞ்சுகிறது. அதை மூட வேண்டும், தொற்றுக்கு மருந்து தர வேண்டும், சில நாள்கள் வாய்வழியாக எதுவும் தராமல் வைத்திருக்கவும் நேரலாம், கசிவு இல்லை என்று, சாயம் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே மூலம் உறுதிசெய்த பிறகே நீராகாரம் தொடங்கக்கூடும். ஆகவே, அடுத்த படுக்கைக்காரர் மறுநாளே வீடு திரும்பினார், நமக்கு மட்டும் ஏன் ஒரு வாரம் என்று ஒப்பிட்டு வருந்துவதில் பொருளில்லை.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் சில கேள்விகளைக் கேட்டு, பதிலை டிஸ்சார்ஜ் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பட்டை, குழாய், போர்ட் மூன்றும் முழுமையாக வெளியே வந்துவிட்டனவா? பட்டையைச் சுற்றி வளர்ந்திருந்த நார்த்திசு உறையை வெட்டிவிட்டார்களா? பட்டை நழுவாமல் இருக்க முன்பு இரைப்பையையே மடித்துப் போட்டிருந்த தையல்களைப் பிரித்துவிட்டார்களா? இரைப்பைச் சுவரில் எங்காவது கிழிசல் ஏற்பட்டதா, கசிவுச் சோதனை செய்தார்களா? இவை நுணுக்கமான கேள்விகளாகத் தோன்றலாம். ஆனால் மூன்று மாதம் கழித்து உணவு தொண்டைக்குக் கீழே சிக்குகிறது என்று நீங்கள் வேறொரு மருத்துவரிடம் போய் நின்றால், அவர் முதலில் தேடுவது இந்தப் பதில்களைத்தான். நார் உறையை வெட்டாமல் விட்டிருந்தால், பட்டை போன பின்பும் அதே இடத்தில் ஓர் இறுக்கம் நீடிக்கலாம்.

முதல் சில நாள்கள்

பெரும்பாலும் இந்த அறுவை முழு மயக்கத்தில், லேப்ராஸ்கோபி முறையில், நான்கைந்து சிறு துளைகள் வழியாகச் செய்யப்படுகிறது. சிக்கலில்லாத அறுவையானால் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கண் விழித்ததும் வயிற்றைவிடத் தோள்பட்டை அதிகம் வலிப்பதைக் கண்டு பலர் பயந்துபோகிறார்கள். வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கரியமில வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துகிறது; அந்த உறுத்தலைக் கொண்டுசெல்லும் நரம்பு, தோளின் உணர்வு நரம்புகள் புறப்படும் அதே கழுத்துப் பகுதியிலிருந்து வருவதால் வலி தோளில் தெரிகிறது. எழுந்து நடந்தால், வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கிவிடும். அப்படி அடங்காமல் நாளுக்கு நாள் கூடும் தோள் வலி வேறு வகையைச் சேர்ந்தது; அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

படுக்கையிலிருந்து நேராக நிமிர்ந்து எழ முயலாதீர்கள். முதலில் முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒருசேரத் திரும்பும்படி ஒரு பக்கமாகப் புரளுங்கள். கால்களைக் கட்டிலின் விளிம்பிலிருந்து கீழே தொங்கவிட்டுக்கொண்டே, அடியிலிருக்கும் முழங்கையையும் மற்றக் கையையும் மெத்தையில் ஊன்றி எழுந்து உட்காருங்கள். உட்கார்ந்தபடி ஒரு நிமிடம் பொறுத்து, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகு நில்லுங்கள். வயிற்றுத் தசையை இழுக்காமல் எழும் இந்த முறையை அறுவைக்கு முன்பே இரண்டு நாள் பழகிக்கொண்டால், வலியோடு புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இருமல் வந்தால் ஒரு சிறு தலையணையை வயிற்றோடு இரு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். வலிக்குப் பயந்து இருமலை அடக்குபவர்களுக்கும், மேலோட்டமாக மட்டும் மூச்சு விடுபவர்களுக்கும் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சளி தேங்கிக் காய்ச்சல் வரும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை பத்துத் தடவை ஆழமாக மூச்சை இழுத்து, சற்று நிறுத்தி, மெதுவாக விடுவது அதைத் தடுக்கும்.

அறுவை நடந்த அன்றே சில அடிகள் நடக்கச் சொல்வது உங்களைத் துன்புறுத்துவதற்காக அல்ல. உடல் பருமன், அறுவை, படுத்தே கிடப்பது ஆகிய மூன்றும் சேரும்போது காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது, அந்த உறைவு நகர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. இறுக்கமான காலுறை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி ஆகியவற்றை எத்தனை நாள் தொடரச் சொன்னார்களோ அத்தனை நாளும் தவறாமல் தொடருங்கள். வலி குறைந்துவிட்டது என்று ஊசியை நிறுத்துவது சரியல்ல. அது வலிக்கான ஊசி அல்ல.

வலிக்குப் பாராசிட்டமால் பெரும்பாலும் போதும். ஆனால் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் எடுக்கக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் உடல் எடை மிகக் குறைந்தவர்களுக்கும் இந்த வரம்பு இன்னும் குறைவு. சளி, காய்ச்சலுக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இபுபுரோபேன், டைக்ளோபினாக் போன்றவை இரைப்பையில் புண் உண்டாக்கக்கூடியவை. பட்டை அரித்ததால் அகற்றியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடவே கூடாது. வலி கடுமையாக இருந்து ஓபியாய்டு வகை (மார்ஃபின் போன்ற வலுவான) மாத்திரை தந்திருந்தால் மலச்சிக்கலை எதிர்பார்த்து, முக்குவதற்கு முன்பே மலமிளக்கி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போர்ட் இருந்த இடம்

மற்றத் துளைகள் ஒரு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். போர்ட்டை எடுத்த வெட்டு மட்டும் அவற்றைவிடப் பெரியது. அதிகம் வலிப்பதும், அதிகம் தொல்லை தருவதும் அதுவே. ஆண்டுக்கணக்கில் போர்ட் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு குழி இருக்கும். வெளியே தோல் மூடிவிட்டாலும் உள்ளே அந்த வெற்றிடத்தில் நிணநீர் சேரலாம். விரலால் மெல்லத் தொட்டால் நீர் நிரம்பிய சிறு பை அசைவதுபோல் தெரியும், தோலின் நிறம் மாறியிருக்காது, சூடும் இருக்காது. இது பெரும்பாலும் சில வாரங்களில் தானே வற்றிவிடும். வீட்டில் ஊசியால் குத்தியோ அழுத்தியோ வெளியேற்ற முயல்வதுதான் அதைச் சீழ்க்கட்டியாக மாற்றும். மாறாக, காயத்தைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, அந்தச் சிவப்பு ஒவ்வொரு நாளும் பரவினால், கெட்ட வாடையுள்ள நீர் வடிந்தால், அது தொற்று. பேனாவால் சிவப்பின் விளிம்பைத் தோலில் வரைந்து வைத்தால், அது கோட்டைத் தாண்டுகிறதா என்று மறுநாள் ஐயமின்றித் தெரிந்துவிடும்.

காயத்தை முதல் 24 முதல் 48 மணி நேரம் நனைக்காமல் வைத்திருங்கள். பிறகு நீர் வழிய குளிக்கலாம். தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். தொட்டியிலோ குளத்திலோ மூழ்குவதைக் காயம் முழுவதும் மூடும்வரை ஒத்திவையுங்கள்.

உணவு: தடை நீங்கியதும் வரும் ஆபத்து

பட்டை இருந்தவரை ஒவ்வொரு கவளமும் தடுக்கப்பட்டது. அது போன அன்றே தண்ணீர் தடையில்லாமல் இறங்குவதை உணரும்போது ஏற்படும் நிம்மதியைச் சொல்லி முடியாது. ஆனால் உள்ளே திசுக்கள் வீங்கியிருக்கின்றன, தையல் போட்ட இடம் இன்னும் உறுதிப்படவில்லை. இப்போது அவசரப்பட்டுக் கெட்டியான உணவை உண்டு வாந்தி எடுத்தால், அந்த அழுத்தம் முழுவதும் புதிய தையலில்தான் போய் விழும்.

வழக்கமான அறுவைக்குப் பிறகு சில நாள் முதல் இரு வாரம் வரை நீராகாரம், பிறகு மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு என்று போய், மூன்று நான்கு வாரங்களில் சாதாரண உணவுக்கு வருவது பொதுவான நடைமுறை. இரைப்பையில் துளை மூடப்பட்டவர்களுக்கு ஒவ்வொரு கட்டமும் நீளும். நாள்காட்டியைப் பார்த்து மட்டும் அடுத்த கட்டத்துக்குத் தாவாதீர்கள். இந்தக் கட்டத்தின் உணவு இரண்டு நாளாக வலியோ குமட்டலோ இல்லாமல் இறங்குகிறதா என்று பாருங்கள்.

தண்ணீரை ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடிக்க வேண்டும், ஆனால் ஒரே மூச்சில் அல்ல. ஒரு சிறு கோப்பையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஒரு மிடறு குடிப்பதே நடைமுறையில் சாத்தியம். சிறுநீர் அடர்மஞ்சளாக, குறைவாகப் போனால் குடித்தது போதவில்லை. காயம் ஆறப் புரதம் வேண்டும். நாளுக்கு 60 கிராமாவது என்பது எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைகளில் பரவலாகச் சொல்லப்படும் இலக்கு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் தங்கள் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், 200 மில்லி பாலில் ஏறக்குறைய 7 கிராம் புரதம் இருப்பதை வைத்துப் பார்த்தால், அந்த இலக்கு எவ்வளவு கவனத்தைக் கோருகிறது என்று விளங்கும்.

முதன்முதலாக மென்மையான உணவு உண்ணும் நாளில் ஒரு வேகவைத்த முட்டையைச் சிறு தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் நகத்தளவு எடுத்து, வாயில் கூழாகும்வரை மென்று விழுங்கி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். நெஞ்சுக்குள் கனம் தட்டுகிறதா, வாயில் நுரைத்த எச்சில் ஊறுகிறதா என்று கவனியுங்கள். பட்டையோடு வாழ்ந்த எவருக்கும் அந்த நுரை எச்சில், உணவு சிக்கியிருப்பதைச் சொல்கிறது என்று நன்றாகத் தெரியும். ஒன்றும் இல்லையென்றால் அடுத்த துண்டு. தோன்றினால் அன்றைக்கு அதோடு நிறுத்தி நீராகாரத்துக்குத் திரும்புங்கள். அது தோல்வி அல்ல, வீக்கம் இன்னும் வடியவில்லை என்பதே பொருள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

இந்த அறுவைக்குப் பிறகு மிகவும் அஞ்சத்தக்கது இரைப்பையிலிருந்து ஏற்படும் கசிவு. பட்டை நார்த்திசுவுக்குள் புதைந்து, கல்லீரலின் அடிப்பகுதியோடு ஒட்டிக்கொண்டிருக்கும்; அதைப் பிரித்தெடுக்கும்போது இரைப்பைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் ஏற்படலாம். இது அரிது, ஆனால் தாமதித்தால் உயிரைப் பறிக்கும். கசிவு எப்போதும் கடும் வலியோடு தொடங்குவதில்லை. பல நேரங்களில் முதலில் மாறுவது நாடித்துடிப்புதான். ஆகவே முதல் பத்து நாள்கள் காலையும் மாலையும் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது நாடியை எண்ணி எழுதி வையுங்கள். நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டி நீடித்தால் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். 120-ஐத் தாண்டினால் தொலைபேசியில் நேரம் செலவிடாமல் நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். 38 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் காய்ச்சல், குறைவதற்குப் பதில் கூடிவரும் வயிற்று வலி, மூன்றாம் நாளுக்குப் பிறகும் வலுக்கும் இடது தோள் வலி, வயிறு பலகைபோல் இறுகுவது, இனம் தெரியாத பதற்றம், இவற்றில் ஒன்று இருந்தாலும் காலைவரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலித்தால் இரத்த உறைவை ஐயப்பட வேண்டும். திடீரென்று மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சைக் குத்தும் வலி, இருமலில் இரத்தம் ஆகியவை வந்தால் ஆம்புலன்ஸ் அழையுங்கள். கறுத்த தார் போன்ற மலமும், இரத்த வாந்தியும், நிற்கும்போது மயக்கம் வருவதும் உள்ளே இரத்தம் கசிவதைக் காட்டலாம்.

பலரும் கேள்விப்படாத ஆபத்து ஒன்று உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அறுவைக்கு முன் வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவர்களின் உடலில் தையமின் என்ற வைட்டமின் பி1 தீர்ந்துபோயிருக்கலாம். உடல் அதைச் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைப்பதில்லை. நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, கண்கள் தாமாக ஆடுவது, பேச்சும் நினைவும் குழம்புவது ஆகியவை அதன் அறிகுறிகள். பக்கத்தில் இருப்பவர்கள் இதை மருந்து மயக்கம் என்று எண்ணிவிடுகிறார்கள். உரிய நேரத்தில் ஊசி வழியாகத் தையமின் கொடுத்தால் மீளலாம், தவறினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் ஏற்படலாம். தையமின் குறைந்திருக்கும் ஒருவருக்கு அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது நிலைமையை மோசமாக்கும் என்பதால், அவசரப் பிரிவுக்குப் போகும்போது வாந்தி எத்தனை நாள் இருந்தது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நோயாளியே குழம்பியிருக்கக்கூடும், உடன் செல்பவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

வாரங்கள் கடந்தும் நீடிப்பவை

ஆறு வாரம் ஆன பின்பும் உணவு சிக்கினால், பழகிவிடும் என்று மென்மையான உணவிலேயே காலத்தை ஓட்டாதீர்கள். நார் உறை இறுக்கிக்கொண்டிருக்கலாம், அல்லது நீண்ட நாள் தடையை எதிர்த்துத் தள்ளிக் களைத்து விரிந்துபோன உணவுக்குழாய் இன்னும் தன் அசைவை மீட்டெடுக்காமல் இருக்கலாம். சாயம் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோபியும் இரண்டையும் பிரித்துக் காட்டும். முன்னதற்கு விரிவாக்கும் சிகிச்சையோ, உறையை வெட்டும் அறுவையோ தேவைப்படலாம். பின்னது பெரும்பாலானோருக்கு மாதக்கணக்கில் மெல்லத் தேறுகிறது. நெஞ்செரிச்சல் நீடித்தால், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே உணவை முடித்துக்கொண்டு, கட்டிலின் தலைமாட்டை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துவது உதவும். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி எதுக்களிப்பு கூடவே செய்யும்.

எளிய அலுவலக வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பலாம். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்குவதை நான்கு முதல் ஆறு வாரம் தவிர்க்க வேண்டும். துளைகளின் வழியே பின்னாளில் குடலிறக்கம் வராமல் தடுப்பதற்காகவே இதைச் சொல்கிறார்கள். மயக்கம் தரும் வலி மாத்திரைகளை நிறுத்தி, திடீரென்று பிரேக்கை அழுத்தினாலும் வயிறு வலிக்காது என்ற நிலை வந்த பிறகு வண்டி ஓட்டலாம்.

திரும்பி வரும் பசி

வீக்கம் வடிந்ததும் பசி திரும்பும். வேறு சிகிச்சை எதுவும் தொடராவிட்டால் பெரும்பாலானோருக்கு எடை மீண்டும் ஏறுகிறது. இதை மன உறுதிக் குறைவு என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். உணவைத் தடுத்து, போதும் என்ற உணர்வைச் சீக்கிரம் தந்துகொண்டிருந்த கருவி இப்போது இல்லை, அவ்வளவுதான். செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பட்டை இருந்த நாள்களில் பலர் தம்மை அறியாமலே கெட்டியான புரத உணவைக் கைவிட்டு, தடையின்றி வழுக்கி இறங்கும் ஐஸ்கிரீம், சாக்லேட், இனிப்புப் பானம் போன்றவற்றுக்குப் பழகியிருப்பார்கள். அந்தப் பழக்கத்தைத் திருப்ப இதுவே தக்க நேரம், ஏனென்றால் இப்போது முட்டையும் மீனும் பருப்பும் காய்கறியும் சிக்காமல் இறங்கும். புரதத்தை முதலில் உண்பது, ஒவ்வொரு கவளத்தையும் மெல்வது, உணவோடு சேர்த்துத் தண்ணீர் குடிக்காதது என்று பட்டை கட்டாயப்படுத்திக் கற்பித்தவற்றில் நல்லவற்றை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லீவ் அல்லது பைபாஸுக்கு மாற விரும்பினால், சில நேரம் அதே அறுவையிலேயே செய்வார்கள். அரிப்போ தொற்றோ இருந்தவர்களுக்குத் திசு ஆறும்வரை, வழக்கமாக மூன்று மாதமாவது, காத்திருக்கச் சொல்வார்கள். நெஞ்செரிச்சல் கடுமையாக உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டக்கூடும் என்பதால் பைபாஸையே பலரும் பரிந்துரைக்கிறார்கள். செமாகுளுடைட், டிர்ஸெபடைட் போன்ற எடைக்குறைப்பு ஊசிகளும் இன்று ஒரு வழி. ஆனால் அவை குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கக்கூடியவை என்பதால், சாதாரண உணவு சிக்கலின்றி இறங்கத் தொடங்குமுன் அவசரப்பட்டு ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் கருத்து. மருத்துவரோடு பேசி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் நீராகார நாள்களில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடாமலும், பின்னர் எடை ஏறும்போது அளவு மீறாமலும் பார்த்துக்கொள்ள, முதல் மாதம் வீட்டிலேயே அளந்து எழுதி வர வேண்டும். இரண்டாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும், பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறையும் பரிசோதனைக்குச் செல்லுங்கள். இரும்புச்சத்து, பி12, ஃபோலேட், வைட்டமின் டி ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அந்த டிஸ்சார்ஜ் தாளையும், நாடியும் எடையும் எழுதிய குறிப்பேட்டையும் மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.